வெள்ளைக் கிரீமா, ஃபோம் கட்டா? தீக்காய மருந்துகள் பற்றி ஒரு தாராவி அடுப்படி விமர்சனம்

மும்பையில் எந்த மெடிக்கலில் போய் நின்று "சுட்ட புண்ணுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டாலும் முதலில் கையில் கிடைப்பது அந்த வெள்ளைக் கிரீம்தான். சில்வர் சல்ஃபாடையசின், 1 சதவீதம். பல கம்பெனி, பல பெயர், உள்ளே இருப்பது ஒன்றே. எங்கள் குடும்பத்துக்கு முறுக்குத் தொழில். தாராவி 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை, அதற்குப் பின்னாலேயே அடுப்பு, தீபாவளி நெருங்கினால் காலையிலிருந்து ராத்திரி வரை எண்ணெய்ச் சட்டி இறங்காது. கையில், முழங்கையில், காலில் எண்ணெய் தெறிக்காமல் ஒரு சீசனும் போனதில்லை. அதனால் வெள்ளைக் கிரீம், மஞ்சள் களிம்பு, பாரஃபின் வலைத்துணி, வெள்ளி கலந்த ஃபோம் கட்டு, தேன், கற்றாழை ஜெல் என்று மெடிக்கலில் விற்பதையும் வீட்டில் சொல்வதையும் பெரும்பாலும் எங்கள் ஆட்கள் மேலேயே பார்த்தாயிற்று. எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்று எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் கேட்டு, படித்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வைத்திருக்கிறேன்.

எந்தப் புண்ணைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சும்மா சிவந்து எரிகிற, கொப்புளம் இல்லாத புண்ணுக்கு எதைப் போட்டாலும் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும், அதை வைத்து எந்த மருந்தையும் நல்லது என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கு இதைத்தான் போட்டேன், தழும்பே இல்லை" என்று சொல்வது பெரும்பாலும் இந்த வகைப் புண்ணைத்தான். கொப்புளம் வந்து, அது உடைந்தால் அடியில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, காற்றுப் பட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும் புண் இருக்கிறதே, அதில்தான் மேலே போடும் மருந்தின் வித்தியாசம் தெரியும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். மூன்று வாரத்தைத் தாண்டி இழுத்தால் தடித்த தழும்பு வர வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். புண் வெளிறி, தோல் பதப்படுத்தியது போல இறுகி, தொட்டால் வலியே தெரியவில்லை என்றால் அது ஆழமான புண். வலி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, நரம்பு முனைகளே வெந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு எந்த டியூபும் போதாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், தோல் ஒட்டு வைக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், எந்த மருந்துக்கும் முன்னால் குழாய்த் தண்ணீர். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்போது காட்டினாலும் பலன் உண்டு. தாராவியில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும், அதனால் எங்கள் அடுப்படியில் ஒரு டிரம் நிறைய பிடித்து மூடி வைத்திருப்போம், மக்கில் மொண்டு மொண்டு ஊற்றுவோம். ஐஸ் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும். வெந்த இடத்தில் நடுவில் தோல் செத்துப்போயிருக்கும், அதைச் சுற்றி ஒரு வளையம் சாகவா பிழைக்கவா என்று நிற்கும். 1953லேயே ஜாக்சன் என்ற இங்கிலாந்து டாக்டர் இதை விளக்கிவிட்டார். அந்த வளையத்தைக் காப்பாற்றுவது முதலில் ஊற்றும் அந்தத் தண்ணீர்தான், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிரீமும் அந்த வேலையைச் செய்யாது.

சரி, வெள்ளைக் கிரீமுக்கு வருகிறேன். இதை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. 1968ல் அமெரிக்காவில் சார்லஸ் ஃபாக்ஸ் என்பவர் வெள்ளியையும் சல்ஃபா மருந்தையும் சேர்த்து இதைக் கொண்டுவருவதற்கு முன்னால், பெரிய தீக்காயத்தோடு வந்தவர்கள் புண்ணில் கிருமி ஏறி இறந்துபோவது வார்டுகளில் சாதாரணம். பச்சைச் சீழ் வைக்கும் சூடோமோனாஸ் உட்படப் பல கிருமிகளை இது அடக்கும். தடவினால் குளுகுளுவென்று இருக்கும், விலை குறைவு, பெரிய டப்பாவாகவும் கிடைக்கும். உடம்பில் பெரிய பரப்பு வெந்தவர்களுக்கு, அல்லது புண் அழுக்காகி சீழ் பிடித்துவிட்டவர்களுக்கு இன்றைக்கும் டாக்டர்கள் இதை எழுதுகிறார்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் கை அகலத்துக்கு வந்த சுத்தமான கொப்புளப் புண்ணுக்கு இதையே தினமும் தடவிக்கொண்டிருப்பது சரியான செலவு இல்லை என்பதுதான் என் கருத்து. என் மதினிக்கு முன்னங்கையில் எண்ணெய் கொட்டியபோது பக்கத்து கிளினிக்கில் இதைத்தான் தடவி, மேலே சாதா காஸ் துணி வைத்துக் கட்டி அனுப்பினார்கள். தினமும் கட்டு மாற்ற வரச் சொன்னார்கள். இந்தக் கிரீம் புண்ணின் நீரோடு கலந்து ஒரு நாளில் சாம்பலும் மஞ்சளுமாக ஒரு கெட்டிப் படலமாகிவிடும், பார்க்கிறவர்கள் சீழ் என்று பயப்படுவார்கள். அதைத் துடைத்து எடுத்தால்தான் அடுத்த பூச்சு போட முடியும். துடைக்கிற வேதனை ஒருபக்கம் இருக்கட்டும், அந்தப் படலம் இருக்கும்வரை அடியில் புண் எவ்வளவு ஆழம், ஆறுகிறதா இல்லையா என்று டாக்டருக்கே சரியாகத் தெரியாது. காஸ் ஓரங்களில் காய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. சலைன் உப்புநீர் ஊற்றி ஊறவிடாமல் அப்படியே இழுத்தார்கள். துணியோடு சேர்ந்து மெல்லிய வெங்காயத்தோல் மாதிரி ஏதோ உரிந்து வந்தது, அது இருந்த இடத்தில் ஊசி முனை அளவுக்குப் புள்ளிப் புள்ளியாக ரத்தம். அது அழுக்குத் தோல் இல்லை, ஓரத்திலிருந்து புதிதாக வளர்ந்து வந்த தோல். மதினி வாய்விட்டு அழுகிறவர் இல்லை, வெளியே வந்து, "தம்பி, நாளைக்கு நான் வரமாட்டேன், புண்ணு ஆறாட்டாலும் பரவாயில்ல" என்றார். கட்டு மாற்றவே ஆள் பயந்து ஓடுகிற அளவுக்கு ஒரு மருந்து வேதனை தந்தால் அதையும் விமர்சனத்தில் சேர்க்கத்தான் வேண்டும்.

இது எங்கள் ஒரு வீட்டு அனுபவம் மட்டும் இல்லை. தீக்காயக் கட்டுகளைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து எடைபோட்ட காக்ரேன் தொகுப்பு 2013ல் வந்தது. மேலோட்டமான, நடுத்தர ஆழமுள்ள புண்களில் சில்வர் சல்ஃபாடையசின் போட்டவர்களுக்கு, சிலிக்கான் பூசிய கட்டு, வெள்ளி கலந்த கட்டு போட்டவர்களைவிட ஆறுவது பின்தங்கியே இருந்தது என்று அதில் வந்தது. அந்த ஆய்வுகள் பலவும் சிறியவை, தரமும் ஏற்ற இறக்கம் என்று அவர்களே சொல்கிறார்கள், ஆனாலும் திசை ஒன்றாகத்தான் இருக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டம் இல்லை. கிருமியைக் கொல்லும் வெள்ளி, புதுத்தோலைக் கட்டும் செல்களையும் கொஞ்சம் தடுக்கிறது. கூடவே தினமும் துடைப்பது வேறு. இன்னொன்று, இதில் சல்ஃபா இருக்கிறது. சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், ஜி6பிடி என்ற ரத்த நொதி குறைவாக உள்ளவர்கள் போடக்கூடாது. கவுன்டரில் யாரும் இதைக் கேட்பதில்லை. கேட்காமலே விற்கிறார்கள், நாமும் கேட்காமலே வாங்குகிறோம்.

புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைத்தால்தான் ஆறும் என்று எங்கள் அத்தை இன்றைக்கும் சொல்வார். வேறு பல வீடுகளிலும் இதே பேச்சுதான். 1962ல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சின்னச் சின்னப் புண்கள் உண்டாக்கிப் பார்த்தார். மெல்லிய ஷீட்டால் மூடி ஈரமாக வைத்த புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. காய்ந்து பொருக்குத் தட்டினால், ஓரத்திலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் நகர்ந்து வரும் தோல் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் வழி தேடிப் போக வேண்டும், ஈரத்தில் நேராக நகர்ந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கட்டு நல்லது என்று நாமே பாதி கண்டுபிடித்துவிடலாம்: ஈரம் போகக்கூடாது, ஒட்டக்கூடாது, அடிக்கடி பிரிக்கும்படி இருக்கக்கூடாது, கிருமியும் வளரக்கூடாது.

இந்தக் கணக்கில் கையைக் கடிக்காத பொருள் பாரஃபின் வலைத்துணி. வலை போன்ற துணியில் மெழுகு எண்ணெய் தோய்த்து, கிருமி நீக்கி, ஒவ்வொன்றாக உறையில் வரும். சிலதில் கிருமிநாசினியும் சேர்த்திருப்பார்கள். உறையைப் பிரித்தால் வழவழவென்று ஈரமாக இருக்கும், புண்ணின் அளவுக்குக் கத்தரித்து வைத்து மேலே காஸ், அதற்கு மேல் கட்டு. ஒரு அடுக்கு மட்டும் வைத்தால் மும்பை வெக்கையில், அதுவும் அடுப்படி வெக்கையில், இரண்டாவது நாளே எண்ணெய் வற்றி, வலைக் கண்ணுக்குள் தோல் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு அடுக்காக வைத்தால் நிற்கிறது. பிரிக்கும்போது சலைனை ஊற்றிக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, ஓரத்திலிருந்து மெதுவாக உருட்டி எடுக்க வேண்டும். வீட்டில் வைத்திருக்க வேண்டிய ஒரே ஒரு தீக்காயப் பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எங்கள் கடையில் எப்போதும் ஒரு பெட்டி இருக்கிறது.

ஆனால் மதினியின் கையை ஆற்றியது வெள்ளி கலந்த ஃபோம் கட்டு. ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜரி ஓபிடியில் (வெளிநோயாளிப் பிரிவில்) காட்டியபோது டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, "கிரீமை நிறுத்துங்க, இதைப் போடலாம், நாலைந்து நாளைக்குத் தொட வேண்டாம்" என்றார். விலையைக் கேட்டதும் மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளைக் கிரீம் டியூபைப் போலப் பல மடங்கு. நான் அங்கேயே கணக்குப் போட்டேன். தினமும் கிளினிக் சார்ஜ், கட்டுத்துணி, டியூப், போய்வர ஆகும் நேரத்தில் விட்ட வேலை, வலி மாத்திரை எல்லாம் கூட்டினால் ஃபோம் ஒன்றும் அதிகம் இல்லை. ஃபோமைக் கையால் தொட்டால் மெத்தென்று ஸ்பாஞ்சு போல இருக்கும், புண் மேல் படும் பக்கம் சிலிக்கான் பூச்சு, சுற்றி உள்ள நல்ல தோலில் லேசாக ஒட்டிக்கொள்ளும், புண்ணில் ஒட்டாது. புண்ணின் நீரை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும், வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். முதுகுப் பக்கத்தில் நீர்க்கறை எவ்வளவு பரவியிருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும், ஓரத்தை நெருங்கினால் மாற்ற வேண்டும். முதல் தடவை மாற்றும்போது மதினி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓரத்தைத் தூக்கியதும் அப்படியே வந்துவிட்டது. "எடுத்தாச்சா?" என்று கேட்டார். அடியில் புண் சிவப்பாக, ஈரமாக, ஓரத்தில் முத்து மாதிரி வெளிறிய புதுத்தோல் வட்டமாக உள்நோக்கி நகர்ந்திருந்தது.

குறைகளும் உண்டு. மழைக்காலத்துக்கு முந்தைய மே மாதப் புழுக்கத்தில் வேர்வைக்கு ஓரங்கள் கிளம்பிவிடும், மேலே ஒரு சுற்றுக் கட்டு போட்டே ஆகவேண்டும். முழங்கை மடிப்பில் நிற்காது. அளவு பார்த்து வாங்காவிட்டால் வீண், புண்ணைவிட எல்லாப் பக்கமும் விரலகலம் பெரிதாக இருக்க வேண்டும். வாடை வரும், அது புண்ணின் நீர் ஊறியதால். நாற்றம் தாங்கமுடியாமல் போனாலோ, சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ பயப்பட வேண்டும், அப்போது நாள் கணக்குப் பார்க்காமல் பிரித்து டாக்டரிடம் காட்ட வேண்டும். சின்ன மெடிக்கலில் இது கிடைக்காது, ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பெரிய கடைகளில்தான் கிடைக்கும்.

தேனைப் பற்றி எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். இது வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. இதே மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுப்ரமணியம் 1991லிருந்து தீக்காயத்தில் தேனை வைத்து ஆய்வுகள் வெளியிட்டார். அவற்றையும் மற்றவற்றையும் சேர்த்துப் பார்த்த 2015 காக்ரேன் தொகுப்பு, நடுத்தர ஆழப் புண்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் 4 முதல் 5 நாள் சீக்கிரம் ஆறின என்று சொல்கிறது. ஆனால் சமையலறை பாட்டில் தேன் வேண்டாம், அதில் கிருமி வித்துகள் இருக்கலாம். புண்ணுக்கென்றே காமா கதிரால் சுத்தம் செய்த தேன் டியூபாக வருகிறது. எங்கள் கடைப் பையன் ஒருவனுக்குப் புறங்கையில் போட்டோம். நன்றாகத்தான் ஆறியது. ஆனால் உடம்புச் சூட்டில் இளகி, கட்டுக்கு வெளியே வழிந்து, சட்டைக் கையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். போட்டதும் கொஞ்ச நேரம் சுரீர் என்று எரிகிறது என்றும் சொன்னான். மாவும் எள்ளும் பறக்கிற இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது சரிப்படாது, வீட்டில் இருப்பவர்களுக்குச் சரி.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த ஊரிலேயே நடந்தது. பரேலில் வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேஸ்வானியும் கூட இருந்தவர்களும் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலை காஸ் துணியில் ஒட்டி, ஆவியில் கிருமி நீக்கி, தீக்காயக் கட்டாகப் பயன்படுத்தி 1985ல் எழுதினார்கள். விலை உயர்ந்த கட்டு வாங்க முடியாத குழந்தைகளுக்காகச் செய்தது. அப்புறம் தாராவிக்கு அடுத்தாற்போல இருக்கும் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதுரி கோரே வாழை இலையைக் கட்டாகச் செய்து பார்த்தார். 2003ல் வெளியான அவருடைய ஒப்பீட்டில் இரண்டுமே ஒரே மாதிரி ஆற்றின, வாழை இலைக்குச் செலவு குறைவு, தயாரிப்பதும் சுலபம். ஒட்டாது, ஈரம் போகாது, குளிர்ச்சி. ஊரில் தீப்பட்டவர்களை வாழை இலையில் படுக்கவைத்ததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதாகவே படாது. ஆனால் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் விற்கும் இலையை வாங்கி வந்து புண்ணில் வைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் வைத்தது ஆவியில் சுத்தம் செய்த இலை, மார்க்கெட் இலையில் மண்ணும் பூச்சியும் மருந்தும் இருக்கும். இதே சயான் ஆஸ்பத்திரியில்தான் 2000ல் தோல் வங்கியும் தொடங்கினார்கள், இறந்தவர்கள் தானம் தரும் தோல் பெரிய தீக்காயக்காரர்களுக்குத் தற்காலிகப் போர்வையாக உயிர் காக்கிறது. இதைத் தெரியாமலேயே அந்த வாசலைத் தினமும் கடந்துபோகிறவர்கள் எங்கள் பகுதியில் ஏராளம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கற்றாழை ஜெல், சும்மா சிவந்த தோலுக்கு இதமாக இருக்கும், கொப்புளம் உடைந்த புண்ணுக்கு வாசனையும் கலரும் போட்ட கடை ஜெல் வேண்டாம். வீட்டு அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடக்கும் மஞ்சள் களிம்பு, சின்னப் புண்ணுக்குக் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை, கறை மட்டும் நிச்சயம். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் உள்ள களிம்புகள் சிலருக்கு அரிப்பையும் சிவப்பையும் கிளப்பும், புண்தான் மோசமாகிறது என்று நினைத்து இன்னும் அதிகம் தடவுவார்கள். பற்பசை, நெய், மஞ்சள்தூள், இங்க், முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் முதல் வேலையே அதைச் சுரண்டி எடுப்பதாகிவிடும், அந்த வலி நோயாளிக்குத்தான்.

முகம், கை விரல்கள், பாதம், மூட்டு, மறைவிடம் இவற்றில் பட்டாலோ, கரண்ட் அல்லது ஆசிட் பட்டாலோ, சின்னக் குழந்தைக்கோ சர்க்கரை உள்ளவருக்கோ பட்டாலோ இந்த விமர்சனத்தை வைத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போகாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. அடிபட்டவரின் உள்ளங்கை விரல்களோடு சேர்ந்து உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். பெரியவர்களுக்கு அந்த மாதிரி பத்து உள்ளங்கை அளவு வெந்திருந்தால் தீக்காய வார்டிலேயே காட்ட வேண்டும், குழந்தைக்கு அதில் பாதியே போதும். டெட்டனஸ் ஊசியையும் மறக்க வேண்டாம்.

புண் மூடிய பிறகு போடுவதற்கு சிலிக்கான் ஜெல் என்று ஒரு சின்ன டியூப் வருகிறது, விலை கொஞ்சம் கூடத்தான். தோல் முழுக்க மூடிய பிறகுதான் தடவ வேண்டும், திறந்த புண்ணில் கூடாது. மாதக்கணக்கில் தொடர்ந்து போட்டால்தான் தடித்த தழும்பில் வித்தியாசம் தெரியும், நாலு நாள் தடவிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று விடுவதானால் வாங்கவே வேண்டாம். மூன்று வாரத்துக்குள் மூடிய புண்ணுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது, வாசனை இல்லாத ஏதாவது ஈரப்பத கிரீமை நாளைக்கு இரண்டு மூன்று தடவை தடவினால் போதும், அரிப்பும் அடங்கும். வெயில் மட்டும் படக்கூடாது, புதுத்தோல் சீக்கிரம் கறுத்துவிடும். மதினி இப்போது சட்டி அருகே நிற்கும்போது முழங்கைக்கு மேல் வரை வரும் பருத்தி உறை போட்டுக்கொள்கிறார், கடையில் மற்ற பெண்களுக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறார். என் கணக்கில் மதிப்பெண் இப்படி: வெள்ளி ஃபோமுக்கு ஐந்துக்கு நாலரை, பாரஃபின் வலைத்துணிக்கு நாலு, சுத்தம் செய்த தேனுக்கு மூன்று, சுத்தமான சின்னப் புண்ணில் வெள்ளைக் கிரீமுக்கு இரண்டு. சீழ் வைத்த புண்ணிலும் பெரிய தீக்காயத்திலும் அந்தக் கிரீமுக்கு மதிப்பெண் போட வேண்டியவர் டாக்டர்.